ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்



சென்ற வாரம் தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள ஒரு மளிகைக் கடையில் ஒரு தட்டு முட்டை வாங்கினேன். நம் ஊர்க் கடைகளில் ஒரு தட்டு என்றால் 30 முட்டை. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. வீட்டுக்கு நடந்து வரும்போது மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. இந்த 30 முட்டையை, ஒன்றுகூட மிச்சமில்லாமல், எத்தனை பேருக்குச் சமமாகப் பங்கிடலாம்?

1, 2, 3, 5, 6, 10, 15, 30. மொத்தம் எட்டு விதம்.

தட்டில் 24 முட்டை மட்டும் இருந்தால்? 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இங்கும் எட்டு விதம்தான். ஆறு முட்டை குறைந்தும் பங்கிடும் வழிகள் குறையவில்லை. அப்படியென்றால் பங்கிடுவதில் 30-ஐவிட 24 கெட்டிக்கார எண், இல்லையா?

இந்தச் சின்னக் கணக்கிலிருந்து இன்று பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுக்குப் போகப் போகிறோம். அந்த எண் 293,318,625,600.

நம் பேச்சில் 293 பில்லியன் 318 மில்லியன் 625 ஆயிரத்து 600. தமிழ்நாட்டில் படிப்பவர்கள் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்பார்கள். கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1915-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பட்டியலில் இந்த எண் இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை, விடுபட்டுவிட்டது.

அது அங்கே இருந்திருக்க வேண்டிய எண்தானா என்பதை நீங்களே சரிபார்க்க முடியும். ஒரு பென்சில், ஒரு தாள், படிவம் 1-இல் படித்த காரணிகள் பாடம். இவை மூன்றும் போதும்.

காரணிச் சாம்பியன்கள்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 7-க்கு 1, 7 என்று இரண்டே காரணிகள். ஆகவே அது பகா எண். 6-க்கு 1, 2, 3, 6 என நான்கு காரணிகள். அது பகு எண்.

இப்போது ஒரு போட்டி வைப்போம். 1, 2, 3, 4 என்று எண்கள் ஒவ்வொன்றாக மேடைக்கு வருகின்றன. தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணுக்கு மட்டுமே கோப்பை. முந்தைய எண்ணோடு சமம் என்றால் கோப்பை கிடையாது.

கோப்பை வாங்கும் எண்களும் அவற்றின் காரணிகளின் எண்ணிக்கையும் இதோ:

1 (1), 2 (2), 4 (3), 6 (4), 12 (6), 24 (8), 36 (9), 48 (10), 60 (12), 120 (16), 180 (18), 240 (20), 360 (24), 720 (30), 840 (32)...

பாருங்கள், 24 கோப்பையோடு நிற்கிறது. முட்டைத் தட்டின் 30 பட்டியலில் இல்லை. எட்டுக் காரணிகளை 24 முன்பே எட்டிவிட்டதால் 30-க்குக் கோப்பை இல்லை.

இந்த எண்களைக் கணிதத்தில் உயர் பகு எண்கள் என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் செல்லமாகச் 'சாம்பியன்கள்' என்றே அழைப்போம்.

பட்டியலில் பழக்கமான முகங்கள் இருக்கின்றன. ஒரு டஜன் 12. ஒரு நாள் 24 மணி. ஒரு மணி 60 நிமிடம். ஒரு வட்டம் 360 பாகை. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். தமிழ் ஆண்டுகளின் சுற்றும் 60. பாதி, மூன்றில் ஒன்று, காற்பங்கு என்று எப்படிப் பிரித்தாலும் உடையாமல் வரும் எண்கள் இவை.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் 'பெரட்டு' பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். பெரட்டுக்கு 60 பேர் வந்தால் அவர்களைச் சம வரிசைகளாக 12 விதத்தில் நிறுத்தலாம். ஒருவர் வராமல் 59 ஆகிவிட்டால்? 59 பகா எண். ஒரே நீள வரிசை, அல்லது ஆளுக்கொரு வரிசை. வேறு வழியில்லை!

எழுதாமலே எண்ணும் வழி

24-க்குக் காரணிகளை எழுதி எண்ணினோம். பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு அப்படிச் செய்ய முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு.

12-ஐப் பகா எண்களாக உடைத்தால் 12 = 2 × 2 × 3, அதாவது 2² × 3. 12-இன் காரணி ஒன்றை உருவாக்க வேண்டும் என்றால் இந்தப் பகா எண்களிலிருந்து சிலவற்றை எடுத்துப் பெருக்க வேண்டும். 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். ஆக 3 வழிகள். 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம். 2 வழிகள். மொத்தம் 3 × 2 = 6 காரணிகள்.

ஆகவே விதி இதுதான்: எண்ணைப் பகா எண்களாக உடையுங்கள். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டுங்கள். வந்த எண்களைப் பெருக்குங்கள்.

360-க்குச் செய்து பார்ப்போம். 360 = 2³ × 3² × 5. அடுக்குகள் 3, 2, 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 4, 3, 2. பெருக்கினால் 24. மேலே உள்ள பட்டியலோடு ஒத்துப்போகிறது.

கவனம்! 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அதன் அடுக்கு 1. அதை 0 என்று நினைத்துத் தேர்வில் புள்ளியை இழப்பவர்கள் பலர்.

சென்னைத் துறைமுகத்து எழுத்தர்

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் மூழ்கி, மற்றப் பாடங்களைக் கவனிக்காமல், கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் முன்னோர் பலர் தமிழகத் துறைமுகங்களிலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள்.

இங்கிலாந்து போன மறு ஆண்டு, 1915-இல், லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதன் பொருள் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் சாம்பியன்களேதான். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதற்கு இந்த ஆய்வே அடிப்படை. அந்த நேரத்தில் கழகத்துக்குப் பண நெருக்கடி இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அது முழுமையாக அச்சில் வந்தது 1997-இல்!

1915-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. 2, 4, 6, 12 என்று தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பியன்கள் வரிசையாக இருக்கும். கடைசி எண் 6,746,328,388,800. அதன் காரணிகள் 10,080. கணினி இல்லாத காலத்தில் கையால் கண்டுபிடித்தது இது. அந்த நீண்ட வரிசையில்தான் ஓர் எண் விடுபட்டது.

எண்ணை உடைப்போம்

இப்போது பென்சிலை எடுங்கள். 293,318,625,600-ஐப் பகா எண்களாக உடைக்கப் போகிறோம்.

படி 1: கடைசியில் இரண்டு சுழியம் இருக்கிறது. 100-ஐத் தனியே எடுங்கள். 100 = 2² × 5². மிச்சம் 2,933,186,256.

படி 2: மிச்சம் இரட்டை எண். 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். 1,466,593,128, 733,296,564, 366,648,282, 183,324,141. நான்கு முறை வகுபட்டது. முன்பு எடுத்த 2²-ஐயும் சேர்த்தால் 2⁶.

படி 3: 183,324,141-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள். 1+8+3+3+2+4+1+4+1 = 27. 27-ஐ 9 வகுக்கும். ஆகவே முழு எண்ணையும் 9 வகுக்கும். வகுத்தால் 20,369,349. மறுபடி கூட்டினால் 36. மறுபடியும் 9-ஆல் வகுக்கலாம். 2,263,261. இப்போது கூட்டுத்தொகை 22, 3-ஆல் வகுபடாது. இரண்டு முறை 9-ஆல் வகுத்தோம், அதாவது 3⁴.

படி 4: 2,263,261-ஐ 7-ஆல் வகுத்தால் 323,323.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 323,323-ஐப் பாருங்கள். 323 இரண்டு முறை அடுத்தடுத்து வந்திருக்கிறது. மூன்று இலக்க எண்ணை இப்படி இரட்டித்து எழுதினால் அது எப்போதும் அந்த எண்ணின் 1001 மடங்கு. ஆகவே 323,323 = 323 × 1001.

1001 = 7 × 11 × 13. மேலும் 323 = 17 × 19. உடைத்தாகிவிட்டது!

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்,

293,318,625,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இனிக் காரணிகளை எண்ணுவது எளிது. அடுக்குகளோடு 1 கூட்டுங்கள்: 7, 5, 3, 3, 2, 2, 2, 2. முதல் நான்கின் பெருக்கல் 315. கடைசி நான்கின் பெருக்கல் 16. 315 × 16 = 5040.

நம் எண்ணுக்கு 5040 காரணிகள்.

இதில் ஒரு விளையாட்டும் ஒளிந்திருக்கிறது. 5040-உம் ஒரு சாம்பியன்தான். அதற்கு 60 காரணிகள். 60 சாம்பியன், அதற்கு 12 காரணிகள். 12 சாம்பியன், அதற்கு 6. 6 சாம்பியன், அதற்கு 4. 4 சாம்பியன், அதற்கு 3. கோப்பை இல்லாத 3-இல் வந்துதான் சங்கிலி அறுகிறது.

இரண்டு பக்கத்து வீடுகள்

ராமானுஜனின் பட்டியலில் இந்த எண் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்ப்போம்.

முன்னால் உள்ளது: 240,940,299,600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 4800.

பின்னால் உள்ளது: 321,253,732,800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 5376.

இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன? இரண்டிலும் கடைசியில் 23 இருக்கிறது. இரண்டிலும் 7 ஒருமுறைதான் வருகிறது. விடுபட்ட எண்ணில் 23 இல்லை. 7 இரண்டு முறை வருகிறது. இரு பக்கத்து வீடுகளும் ஒரே மாதிரி கட்டியிருக்க, நடுவில் உள்ள வீடு மட்டும் வேறு அமைப்பில் இருக்கிறது.

பின்னால் உள்ள எண்ணிலிருந்து விடுபட்ட எண்ணை உருவாக்கிப் பார்ப்போம். 23-ஐ எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு 3-உம் ஒரு 7-உம் சேருங்கள். 3 × 7 = 21. 23 போய் 21 வந்ததால் எண் சிறிதாகிறது. காரணிகள் என்ன ஆகும்? 23 போனதும் 5376 பாதியாகி 2688. 3-இன் அடுக்கு 3-லிருந்து 4 ஆனதால், 4-க்குப் பதில் 5-ஆல் பெருக்க வேண்டும். 2688 என்பது 3360 ஆகிறது. 7-இன் அடுக்கு 1-லிருந்து 2 ஆனதால், 2-க்குப் பதில் 3. 3360 என்பது 5040 ஆகிறது.

எண் குறைந்தது, காரணிகள் 5376-லிருந்து 5040-க்கு மட்டுமே இறங்கின. முன்னால் உள்ள எண்ணின் 4800-ஐவிட இது அதிகம். ஆகவே நடுவில் இதற்கு ஓர் இடம் உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் என்ன வரும்?

293,318,625,600 × 23 = 6,746,328,388,800

ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்! புதிய பகா எண் ஒன்று சேர்ந்ததால் காரணிகள் இரட்டிப்பாகி 10,080. விடுபட்ட எண்ணின் 23 மடங்கு, பட்டியலின் கடைசி வரியிலேயே இருக்கிறது.

இந்தப் பெருக்கலைக் கால்குலேட்டரில் செய்தால் ஏமாறுவீர்கள். பள்ளியில் பயன்படுத்தும் அறிவியல் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் திரையில் 10 இலக்கங்களே காட்டும். 6.746328389 × 10¹² என்று வாலை வெட்டி, கிட்டத்தட்ட விடையைத்தான் தரும். கையால் பெருக்கினால்தான் முழு எண்ணும் கிடைக்கும்.

உண்மையில் சாம்பியன்தானா?

பக்கத்து இரண்டு எண்களை வென்றால் போதுமா? போதாது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வெல்ல வேண்டும். 293 பில்லியன் எண்களை யார் சோதிப்பது? கவலை வேண்டாம். ராமானுஜன் பயன்படுத்திய இரண்டு பண்புகள் நம் வேலையைக் குறைக்கும்.

முதல் பண்பு: சாம்பியனில் பகா எண்கள் இடைவெளியின்றி வரும். 20 = 2² × 5; நடுவில் 3 இல்லை. 5-ஐ 3 ஆக்குங்கள். 12 கிடைக்கும். காரணிகள் அதே ஆறு, எண்ணோ சிறியது. இடையில் ஒரு பகா எண்ணைத் தாண்டிய எண் கோப்பையை வெல்லவே முடியாது.

இரண்டாம் பண்பு: அடுக்குகள் இடமிருந்து வலம் போகப் போக ஏறாது. 18 = 2 × 3²; இங்கே அடுக்கு ஏறுகிறது. அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. மறுபடி காரணிகள் அதே ஆறு, எண் சிறியது.

இந்த இரண்டு பண்பும் உள்ள எண்களைச் சோதித்தாலே போதும். மிகப் பெரிய பகாக் காரணி எது என்பதை வைத்து அவற்றைப் பிரிப்போம்.

31 வரை போனால்: 2-லிருந்து 31 வரை எல்லாப் பகா எண்களின் பெருக்கல் 200,560,490,130. இதை இரட்டித்தாலே நம் எல்லையைத் தாண்டிவிடும். காரணிகள் 2048 மட்டும். தோல்வி.

29 வரை போனால்: பெருக்கல் 6,469,693,230. இதை 45 மடங்குவரை பெருக்க இடம் இருக்கிறது. சிறந்த பெருக்கி 36. கிடைக்கும் காரணிகள் 4096. தோல்வி.

23 வரை போனால்: பெருக்கல் 223,092,870. இதை 1314 மடங்குவரை பெருக்கலாம். சிறந்த பெருக்கி 1080. அப்படிக் கிடைப்பது நம் முன்வீட்டு எண்ணேதான்; 4800 காரணிகள். இதுவும் 5040-ஐ எட்டவில்லை.

19 வரை போனால்: பெருக்கல் 9,699,690. இதை 30,240-ஆல் பெருக்கினால் நம் எண் வருகிறது. அதைவிடச் சிறிய பெருக்கி எதுவும் 5040 காரணிகளைத் தராது. 17-உடன் நிறுத்தினாலும், அதற்கும் முன்னால் நிறுத்தினாலும் 5040 வராது.

ஆகவே 293,318,625,600 சந்தேகமில்லாத சாம்பியன். ஒவ்வொரு பிரிவிலும் நீங்களே சில பெருக்கிகளைப் போட்டுப் பாருங்கள். ஏன் தோற்கின்றன என்பது கையில் புரியும்.

பட்டியலில் ஓட்டை இருந்தால் என்ன?

இந்தக் கணக்கை வகுப்பில் செய்து முடித்தபோது ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "சார், ராமானுஜனே தவறு செய்வாரா?" என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி அது.

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். விடுபட்டது பட்டியலின் ஒரு வரி. அவர் நிறுவிய தேற்றங்கள் எதுவும் அதனால் சாயவில்லை. உண்மையில் அவருடைய தேற்றம் ஒன்று இந்த ஓட்டையைப் பார்க்க நமக்கு உதவுகிறது. சாம்பியன்கள் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்த இரண்டு சாம்பியன்களின் விகிதம் 1-ஐ நெருங்கும் என்று அவர் காட்டினார். தொடக்கத்தில் 2-லிருந்து 4-க்குப் போகும்போது இரண்டு மடங்கு. போகப்போக அடிகள் சிறிதாகும். விடுபட்ட எண் இல்லாமல் பார்த்தால், 240,940,299,600-லிருந்து 321,253,732,800-க்கு உள்ள தாவல் சரியாக 4/3, அதாவது ஏறக்குறைய 1.33. விடுபட்ட எண்ணை நடுவில் வைத்தால் அந்தத் தாவல் 28/23, 23/21 என்று இரண்டு அடிகளாகிறது, ஏறக்குறைய 1.22, 1.10.

தாவல் பெரிதாக இருந்தால் எண் விடுபட்டது உறுதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'இங்கே இன்னொரு முறை பார்' என்று சொல்லும் ஓர் அறிகுறி அது.

நாம் ஒருவரை மதிக்கிறோம் என்பதற்காக அவர் எழுதியதைச் சரிபார்க்காமல் விட வேண்டியதில்லை. சரிபார்க்கும்போதுதான் அவர் எத்தனை கடினமான வேலையைச் செய்தார் என்பது தெரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கையால் கண்டுபிடித்து ஒன்றை மட்டும் தவறவிட்டவரின் உழைப்பு, இன்று ஒரே ஓர் எண்ணை உடைத்த உங்களுக்கு நன்றாகவே புரியும். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-இல் காலமானபோது அவருக்கு 32 வயதுதான்.

இன்னொரு பாடமும் உண்டு. காரணிகளைப் பட்டியலிடச் சொல்லும் கேள்வியில் ஒன்றை விட்டுவிட்டு வருத்தப்படும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பட்டியலை எழுதி முடித்ததும், அடுக்கு விதியால் எண்ணிக்கையைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள். பட்டியலில் 11 இருந்து விதி 12 என்று சொன்னால், ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. தாளைக் கொடுக்கும் முன்பே அதைத் தேடிப் பிடித்துவிடலாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. 720, 840 ஆகியவற்றைப் பகா எண்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணிகள் என்று கண்டுபிடியுங்கள்.

2. 90-க்கு 12 காரணிகள் உண்டு. ஆனாலும் அது சாம்பியன் இல்லை. ஏன்?

3. 1000-க்கு எத்தனை காரணிகள்? அதே எண்ணிக்கையில் காரணிகள் உள்ள ஒரு சாம்பியனை மேலே உள்ள பட்டியலில் தேடுங்கள்.

4. 5040, 10,080 ஆகிய இரண்டையும் உடையுங்கள். காரணிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறதா? காரணம் சொல்லுங்கள்.

5. 240,940,299,600-இல் உள்ள 23-ஐ எடுத்துவிட்டு, பதிலாக எதைச் சேர்த்தால் விடுபட்ட எண் கிடைக்கும்?

விடைகள் (முயன்ற பிறகு பாருங்கள்):

1. 720 = 2⁴ × 3² × 5, காரணிகள் 30. 840 = 2³ × 3 × 5 × 7, காரணிகள் 32.

2. 60-க்கே 12 காரணிகள் இருக்கின்றன. சமமாக வந்தால் கோப்பை இல்லை. 90 = 2 × 3² × 5; இதில் அடுக்கு ஏறுவதையும் கவனியுங்கள்.

3. 1000 = 2³ × 5³, காரணிகள் 16. 120-க்கும் 16 காரணிகள். 1000-இல் நடுவில் 3 இல்லை.

4. 5040 = 2⁴ × 3² × 5 × 7, காரணிகள் 60. 10,080 = 2⁵ × 3² × 5 × 7, காரணிகள் 72. இரட்டிப்பாகவில்லை. 2 ஏற்கெனவே உள்ளே இருப்பதால் 5 என்பது 6 ஆனது, அவ்வளவுதான். புதிய பகா எண் சேர்ந்தால் மட்டுமே இரட்டிப்பு.

5. 2² × 7, அதாவது 28.

ஐந்தாம் கேள்வியைக் கையால் செய்து 293,318,625,600 வரை போனவர்கள் தங்கள் கணித ஆசிரியரிடம் தாளைக் காட்டுங்கள். பிறகு நண்பர் ஒருவரிடம் கொடுத்து, எங்காவது தவறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.